ரேடியேட்டர் ஃபேன் சுற்றினால் இன்ஜின் ஆஃப் ஆகிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதைப் படியுங்கள்!

மே மாத மதியம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ஜி.எஸ்.டி சாலை. காரில் கணவன், மனைவி. பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். சிக்னலில் கார் நிற்கிறது. பானெட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். ரேடியேட்டர் ஃபேன் 'விர்ர்...' என்று சுற்ற ஆரம்பிக்கிறது. அடுத்த நொடி டேஷ்போர்டு வெளிச்சம் மங்குகிறது. ஆர்.பி.எம் முள் சரிகிறது. இன்ஜின் ஆஃப்!

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது. பதற்றத்தோடு சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல கார் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால், அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே கதை.

முதல் பட்டறையில், "பேட்டரி வீக் சார், மாத்திடலாம்" என்கிறார்கள். புது பேட்டரிக்குச் சில ஆயிரம் ரூபாய் போகிறது. இரண்டு நாள் கார் நன்றாக ஓடுகிறது. மூன்றாம் நாள் பழையபடி நிற்கிறது. இன்னொரு பட்டறையில், "பெட்ரோல் பம்ப் போயிருக்கும்ணே" என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்வதுதான் உச்சம்: "ஃபேன் வயரைக் கழட்டி விட்டுடு மச்சான், வண்டி நிக்கவே நிக்காது!"

இது ஒரு குறிப்பிட்ட காரின் கதை அல்ல. எந்த கம்பெனி காரிலும் நடக்கக்கூடிய கோளாறு. அந்த மூன்று யோசனைகளுக்கும் பொதுவான தப்பு ஒன்று இருக்கிறது. யாருமே எதையும் அளந்து பார்க்கவில்லை. இந்தக் கோளாறில் ஃபேன் பெரும்பாலும் குற்றவாளியாக இருப்பதில்லை. காரில் வேறு எங்கேயோ ஒளிந்திருக்கும் பலவீனத்தை அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பலவீனம் எங்கே என்று கண்டுபிடிக்காமல் பார்ட்ஸ் மாற்றினால், பணம்தான் கரையும்.

ஃபேனுக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம்?

அம்பாஸடர் காலத்தில் ரேடியேட்டர் ஃபேனை இன்ஜினே பெல்ட் மூலம் சுற்றியது. இன்ஜின் ஓடும்வரை ஃபேனும் ஓடும். இன்றைய முன்சக்கர இயக்க கார்களில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. அதன் பெல்ட் பக்கவாட்டில், ரேடியேட்டர் முன்பக்கம். அதனால் ஃபேனுக்குத் தனியாக ஒரு எலெக்ட்ரிக் மோட்டார்.

கூலன்ட்டின் சூடு சுமார் 95 முதல் 105 டிகிரி செல்சியஸை எட்டும்போது இந்த ஃபேன் ஆன் ஆகும். ஏ.சி போட்டாலும் பெரும்பாலான கார்களில் ஃபேன் சுற்றும். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். கார் நிற்கும்போதுதான் ஃபேனுக்கு முழு வேலை. அதாவது, இன்ஜின் மிகக் குறைந்த வேகத்தில், ஐடிலிங்கில் இருக்கும் அதே நேரத்தில்!

ஒரு சின்ன காரின் ஃபேன் ஓடும்போது சுமார் 10 முதல் 20 ஆம்பியர் கரன்ட் இழுக்கும். 15 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 14 வோல்ட்டில் அது 210 வாட்ஸ். வீட்டில் மூன்று சீலிங் ஃபேன்கள் சேர்ந்து இழுக்கும் பவர் இது. அதுவும் மோட்டார் சுற்றத் தொடங்கும் அந்த முதல் நொடியில், இதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும்.

இந்தக் கரன்ட்டைக் கொடுப்பது ஆல்டர்னேட்டர். பல பட்டறைகளில் இன்னும் 'டைனமோ' என்றுதான் சொல்வார்கள். அதைச் சுற்றுவது இன்ஜின். பழைய சைக்கிளில் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் பெடல் கனமாகுமே, அதேதான் இங்கேயும். ஐடிலிங்கில் இன்ஜின் 700 முதல் 900 ஆர்.பி.எம்-மில், தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும் அளவுக்குத்தான் பவர் எடுக்கிறது. திடீரென்று சுமை ஏறியதும், ஈ.சி.யு எனப்படும் கம்ப்யூட்டர் அதைக் கவனித்து, த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து இன்ஜினைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

பேட்டரி, ஆல்டர்னேட்டர், வயரிங், எர்த், த்ராட்டில், ஈ.சி.யு. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தாலும், ஃபேன் ஆன் ஆகும்போது அது அம்பலமாகிவிடும்.

முதல் கேள்வி: எப்படி நிற்கிறது?

பட்டறைக்குப் போகும் முன் காரைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்ஜின் நிற்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது.

* ஆர்.பி.எம் மெதுவாகச் சரிந்து, இன்ஜின் உதறி, பிறகு நிற்கிறதா? சுமையைத் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். த்ராட்டில் பாடி, ஐடிலிங் கன்ட்ரோல், ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

* சுவிட்ச் போட்டு அணைத்ததுபோலச் சட்டென்று நிற்கிறதா? எங்கேயோ கரன்ட் அறுந்துபோகிறது. எர்த், ரிலே, இக்னிஷன் சுவிட்ச், ஃப்யூஸ் பாக்ஸ் ஆகியவை சந்தேக வளையத்துக்குள் வரும்.

* நின்ற பிறகு உடனே ஸ்டார்ட் ஆகாமல், பத்து இருபது நிமிடம் ஆறிய பிறகுதான் ஸ்டார்ட் ஆகிறதா? அப்படியானால் ஃபேனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமல்கூட இருக்கலாம். சூடானால் வேலை செய்யாமல் போகும் க்ராங்க் சென்ஸார், இக்னிஷன் காயில் போன்றவை காரணமாக இருக்கக்கூடும். இன்ஜின் சூடாகும் அதே நேரத்தில் ஃபேனும் சுற்றுவதால் பழி அதன்மேல் விழுகிறது.

இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது காரை ஸ்டார்ட் செய்து, எலெக்ட்ரீஷியன் உதவியோடு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். ஃபேன் ரிலேவைக் கழற்றி, அந்த இடத்தில் தகுந்த வயரால் இணைப்பு கொடுத்து அவர் ஓட்டிக்காட்டுவார். ஆறிய இன்ஜினும் நின்றால், கோளாறு கரன்ட் சம்பந்தப்பட்டது. நிற்காமல் ஓடினால், சூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். ஏ.சி-யை ஆஃப் செய்துவிட்டு, ஹெட்லைட்டை ஹைபீமில் போடுங்கள். ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். பின் கண்ணாடி டீஃபாகர் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். ஃபேன் ஓடாமலே இன்ஜின் தள்ளாடினால், எந்தச் சுமையையும் தாங்க முடியாத நிலையில் கார் இருக்கிறது. எல்லாம் போட்டும் அசையாமல் ஓடி, ஃபேனுக்கு மட்டும் நின்றால், ஃபேன் மோட்டாரையும் அதன் வயரிங்கையும் பார்க்க வேண்டும். ஏ.சி-யை ஆஃப் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதன் கம்ப்ரஸரும் இன்ஜினுக்குப் பெரிய சுமை. இரண்டும் சேர்ந்தால் எது காரணம் என்று தெரியாது.

மல்ட்டிமீட்டர் சொல்லும் உண்மை

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்ட்டிமீட்டர் போதும். மீட்டரை டி.சி வோல்ட்டில் வைத்து, இந்த வரிசையில் பாருங்கள்.

1. இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் சுமார் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது.

2. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பேட்டரி பலவீனமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

3. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். சில புதிய கார்களில் எரிபொருள் சேமிப்புக்காக ஆல்டர்னேட்டர் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும். அதனால் கார் மேனுவலையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஃபேன் ஆன் ஆகும் நொடியில் வோல்ட் சற்று இறங்கி, ஓரிரு நொடிகளில் மேலே வந்துவிட வேண்டும். 12.5, 12.2 என்று இறங்கிக்கொண்டே போனால், ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் செய்யவில்லை. பெல்ட் தளர்வு, ரெகுலேட்டர், டயோடு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

5. பலரும் விட்டுவிடும் சோதனை இது. ஃபேன் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத பாடி உலோகத்திலும் வையுங்கள். பிறகு இன்ஜின் பிளாக்கிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் இணைப்பில் கோளாறு!

டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 16 பின் ஓ.பி.டி சாக்கெட்டில் ஸ்கேனர் மாட்டினாலும் நல்ல தகவல் கிடைக்கும். ப்ளூடூத் அடாப்டர் வாங்கி, மொபைல் ஆப் மூலமே ஆர்.பி.எம், வோல்ட், கூலன்ட் சூடு மூன்றையும் ஓடும்போதே பார்க்கலாம். பி0562 என்று வந்தால் சிஸ்டம் வோல்ட் குறைந்திருக்கிறது. பி0506 என்றால் ஐடிலிங் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பி0335 என்றால் க்ராங்க் சென்ஸார் சர்க்யூட்டில் பிரச்னை. கோடு என்பது எங்கே தேடலாம் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. கோடு வந்ததற்காக உடனே அந்தப் பார்ட்ஸை மாற்றிவிடக் கூடாது.

சந்தேகப் பட்டியல்

எர்த் இணைப்பு: பேட்டரியின் நெகட்டிவ்விலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த வயர்கள்தான் எர்த். கரன்ட் போய்விட்டுத் திரும்பி வரும் பாதை இது. போல்ட் அடியில் துரு பிடித்தால் இந்தப் பாதை குறுகிவிடும். ஃபேன் இழுக்கும் பெரிய கரன்ட் திரும்ப வழி இல்லாமல் தேங்கும்போது, அதே எர்த்தை நம்பியிருக்கும் பெட்ரோல் பம்ப்புக்கும் சென்ஸார்களுக்கும் சரியான வோல்ட் கிடைக்காது. கடலோர ஊர்களின் உப்புக்காற்றும், மழை வெள்ளமும் இந்தத் துருவுக்குப் பெரிய காரணங்கள்.

த்ராட்டில் பாடி: இதற்குள் கார்பன் படிந்தால், ஐடிலிங்கில் காற்று போகும் சின்ன இடைவெளியும் அடைபடும். சுமை ஏறும்போது ஈ.சி.யு த்ராட்டிலைத் திறந்தாலும் போதிய காற்று வராது. க்ளீன் செய்த பிறகு சில கார்களில் ஸ்கேனர் மூலம் ஐடிலிங்கை மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

ஃபேன் மோட்டார்: பேரிங் இறுகினால் மோட்டார் அதிக கரன்ட் இழுக்கும். டி.சி ஆம்பியரை அளக்கும் க்ளாம்ப் மீட்டரை வயரைச் சுற்றி மாட்டினால் எத்தனை ஆம்பியர் என்று தெரிந்துவிடும். இரண்டு வேக ஃபேன்களில், குறைந்த வேகத்துக்கான ரெஸிஸ்டர் எரிந்துபோனால் ஃபேன் நேரடியாக முழு வேகத்தில்தான் கிளம்பும். சுமை படிப்படியாக ஏறாமல் ஒரே அடியாக விழும்.

ரிலே, இக்னிஷன் சுவிட்ச்: இவற்றின் கான்டாக்ட் தேய்ந்திருந்தால், கரன்ட் அதிகமாகும்போது சூடாகி இணைப்பு விட்டுவிடும். ஃப்யூஸ் பாக்ஸில் கறுத்துப்போன, உருகிய பின் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியே மாட்டிய ஐட்டங்கள்: ஃபாக் லேம்ப், ஆம்ப்ளிஃபையர், அலாரம், கேஸ் கிட் என்று பிறகு பொருத்தியவை எந்த வயரிலிருந்து கரன்ட் எடுக்கின்றன? டேப் சுற்றிய ஜாயின்ட்கள்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். எலி கடித்த வயரையும் மறந்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

ஃபேன் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது. கார் நிற்காது. ஆனால் டிராஃபிக்கில் சூடு ஏறிக்கொண்டே போகும். ஹெட் கேஸ்கெட் போய்விடும். அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். எர்த் வயரைச் சுத்தம் செய்து முடிக்க வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிக்கும் செலவில் போய் முடியும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது பழைய பழக்கம். இன்றைய கார்களில் அந்த நொடியில் எகிறும் வோல்ட், ஈ.சி.யு-வையே காலி செய்துவிடலாம். யாராவது அப்படிச் சோதிக்க வந்தால், "மீட்டர் வெச்சுப் பாருங்க அண்ணே" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று அதிக ஆம்பியர் ஃப்யூஸ் போடாதீர்கள். ஃப்யூஸ் போகாது, வயர் எரியும்.

சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றும். பானெட்டுக்குள் குனியும்போது துப்பட்டா, புடவைத் தலைப்பு, கழுத்துச் செயின், அடையாள அட்டைக் கயிறு எல்லாம் ஃபேனுக்கு எட்டாமல் இருக்கட்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கும் மேலான கூலன்ட் அழுத்தத்தோடு இருக்கும். திறந்தால் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

நடுரோட்டில் நின்றுவிட்டால்?

கார் ஓடும்போதே இன்ஜின் ஆஃப் ஆனால் ஸ்டீயரிங் கனமாகும். பெரும்பாலான கார்களில் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு முறை அழுத்தத்தான் தாங்கும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். கார் முழுதாக நிற்கும்வரை சாவியை 'லாக்' நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஹஸார்டு லைட் போடுங்கள்.

பட்டறைவரை போயாக வேண்டும் என்றால், ஏ.சி-யையும் தேவையில்லாத மற்றவற்றையும் ஆஃப் செய்யுங்கள். சிக்னலில் நியூட்ரலில் வைத்து, பிரேக்கில் கால் இருக்க, ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி 1,200 முதல் 1,500 ஆர்.பி.எம்-மில் வைத்திருந்தால் ஆல்டர்னேட்டர் கொஞ்சம் கூடுதல் கரன்ட் கொடுக்கும். இது பட்டறைவரை போவதற்கான வழி மட்டும்தான். மலைப்பாதையில் இறங்க வேண்டியிருந்தால் இந்தக் காரை எடுக்கவே எடுக்காதீர்கள். டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை ஆஃப் செய்துவிடுங்கள்.

பழைய கார் வாங்குகிறீர்களா?

2015-ல் சென்னையும், 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தைப் பார்த்தன. தண்ணீரில் நின்ற கார்கள் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்தால் வெளித்தோற்றத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் எர்த் போல்ட்டில் பிடித்த துரு காட்டிக்கொடுத்துவிடும். பழைய காரைப் பார்க்கப் போனால், ஐந்து நிமிட டெஸ்ட் டிரைவோடு திருப்திப்படாதீர்கள். காரை நிறுத்தி, ஐடிலிங்கிலேயே ஃபேன் இரண்டு மூன்று முறை ஆன் ஆகி ஆஃப் ஆகும்வரை காத்திருங்கள். பிறகு ஏ.சி, ஹெட்லைட் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். இன்ஜின் லேசாகக் குனிந்து உடனே நிமிர்ந்தால் நல்லது. தள்ளாடினால் விலை பேசும் முன் காரணத்தைக் கேளுங்கள்.

ஜி.எஸ்.டி சாலைக் காருக்கு என்ன ஆனது?

அந்த ஜி.எஸ்.டி சாலைக் கதைக்கு வருவோம். மூன்றாவதாகப் போன பட்டறையில், எலெக்ட்ரீஷியன் மீட்டரை எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். எந்தக் குறையும் இல்லை. ஆனால் நெகட்டிவ் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே 2 வோல்ட் காட்டுகிறது! பேட்டரி ட்ரேவுக்குப் பக்கத்தில் இருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால், அடியில் முழுக்கத் துரு.

இப்போது எல்லாம் புரிகிறது. பாடி எர்த் கெட்டதால்தான் டேஷ்போர்டு மங்கியது, பெட்ரோல் பம்ப் தடுமாறியது. செல்ஃப் மோட்டாருக்கு எர்த் இன்ஜின் பிளாக் வழியாக வருவதால், கார் உடனே ஸ்டார்ட் ஆனது. புது பேட்டரி மாட்டும்போது பக்கத்தில் இருந்த அந்த வயர் அசைந்து தற்காலிகமாக ஒட்டிக்கொண்டதால், இரண்டு நாள் நன்றாக ஓடியது. எமரி ஷீட்டால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, துரு பிடிக்காமலிருக்க மேலே கொஞ்சம் க்ரீஸ் தடவியதும் வேலை முடிந்தது. பழைய பேட்டரியே இன்னும் ஒரு வருடம் வந்திருக்கலாம்.

எல்லா காரிலும் விடை எர்த்தாகவே இருக்கும் என்றில்லை. ஆனால், விடையைத் தேடும் முறை ஒன்றுதான். அடுத்த முறை பட்டறையில், "எந்தப் பார்ட்ஸை மாத்தணும்?" என்று கேட்காதீர்கள். "ஃபேன் ஓடும்போது வோல்ட் எவ்வளவு இருந்துச்சு? எர்த்தில் எவ்வளவு இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் நம்பராக வந்தால் காரைத் தைரியமாக ஒப்படைக்கலாம்!